பிரீமியம் அக்கா

"பிரீமியம் தீர்ந்துபோச்சு சேட்டா" என்று பெட்ரோல் பம்புக்காரர் முன்னால் பைக்கில் நின்றவரிடம் சொன்னது காருக்குள் கேட்டது. பக்கத்து வீட்டு பாக்கியலக்ஷ்மி அக்கா ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார்.

"கேட்டியா சுனிதா? இங்கயும் இல்லயாம்! தோப்பும்படியில இல்ல, வைற்றிலயில இல்ல... ஊர்ல எல்லாரும் பிரீமியமேதான் குடிக்கிறாங்களா? நீ பயப்படாத மோளே. பத்து மணிக்குத்தானே இன்டர்வியூ? களமசேரி என்ன, தோ இங்கதானே இருக்கு! அந்த பெட்ரோல் முள்ளுகிட்ட மஞ்ச லைட்டா? அது மட்டாஞ்சேரியில ஏறும்போதே எரிஞ்சுதே... எரியட்டும், அதப் பாக்காத.

எங்க வீட்டு மனுசன் சொல்வாரு, நார்மலே போதும்டின்னு. மெக்கானிக் நாணு சேட்டனும் அதயேதான் சொல்றாரு. 'இந்த எஞ்சினுக்கு பிரீமியம் ஊத்துறது பாலில்லாத கட்டஞ்சாயாவுக்கு குங்குமப்பூ போடுற மாதிரி அக்கா'ன்னு. என்ன வாய் பாரு அந்தாளுக்கு! எனக்கும் தெரியாதா என்ன?

எல்லாம் ஒங்கம்மாவாலதான். ஆமா, ஷைலஜாவாலதான்! ஓணத்தன்னிக்கு புது வண்டிய தெருவுல நிறுத்திட்டு, 'அக்கா, ஒங்க பழசு பாலம் ஏறுமா?'ன்னு கேட்டா. எல்லார் முன்னாடியும்! எனக்கு சுருக்குன்னுச்சு. 'எங்க வண்டி பிரீமியம் தவிர வேற தொடாது'ன்னு சொல்லிப்புட்டேன். அதோட விட்டாங்களா? தெருவே என்னைய பிரீமியம் அக்கான்னு கூப்பிடுது. மீன்காரன்கூட! கேக்க நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக்கூடாது...

ஐயோ, பின்னால ஹாரன் அடிக்கிறான் பாரு. இருடா, யோசிக்கிறோம்ல!

உள்ளதச் சொல்லிடறேன் மோளே. ஒரு நாள்கூட பிரீமியம் ஊத்தினதில்ல. இன்னிக்கு நீ ஏறிட்ட. நார்மல் ஊத்தினா சாயங்காலமே ஒங்கம்மா காதுக்குப் போயிடுமே! நீ சொல்லமாட்ட, தெரியும்... நீ வாயத் தொறக்குறதே அபூர்வம். ஆனா ஷைலஜா கேட்டா? அவ கேக்குற கேள்விக்கு போலீஸ்காரனே உளறிடுவான்!

சரி, எடப்பள்ளியில ஒரு பம்பு இருக்கு, அங்க நிச்சயமா கிடைக்கும். கிளம்புவோம்... ஏ... ஏய்... என்ன இது, இருமுது? சனியனே, ஸ்டார்ட் ஆகு! ...நின்னேபோச்சா? பரவால்ல, ரெண்டு பேரா தள்ளினா எடப்பள்ளி என்ன தூரமா..."

நான் சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். டேங்க் மூடியைத் திறந்து, பம்புக்காரருக்கு நார்மல் பைப்பைக் கைகாட்டினேன்.