பச்சை மூடி டின்

எனக்குப் பால் ஆகாது. நீங்கள் அன்போடு கொடுத்த தேநீரை அப்படியே வைத்திருப்பது அதனால்தான். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பால் கலக்காததாக ஒன்று கிடைத்தால் பேசிக்கொண்டே குடிப்பேன்.

அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். அதற்கு டின்னிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் நிறுவனம் முதலில் சுவருக்குப் பூசும் பட்டி மாவு செய்தது. வீடு கட்டுகிறவர்கள் குறைந்ததும் பாலில் கலந்து குடிக்கும் சத்துமாவுக்கு மாறினோம். டின்னின்மேல் ‘மூன்று தலைமுறை நம்பிக்கை’ என்று அச்சிட்டோம். முதலாளியின் மாமனார், முதலாளி, மழலைப் பள்ளிக்குப் போகும் அவர் மகன். எண்ணிப் பாருங்கள், மூன்றுதான்.

விளம்பரம் என் பொறுப்பு. புதியது என்றால் ஜனங்கள் தாண்டிப் போய்விடுவார்கள். பழையது என்றால் நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பார்கள். எங்களிடம் பழையது எதுவும் இல்லாததால் செய்துகொண்டோம். நாடகங்களுக்குச் சாமான் செய்துகொடுக்கும் ஒருவரை அமர்த்தினோம். துருக்காரர் என்று கூப்பிடுவோம். புது டின்னை உப்புநீரில் ஊறப்போட்டு, தேய்த்து, விளிம்பில் ஒரு நசுங்கல் வைத்துக் கொடுப்பார்.

“எவ்வளவு பழசு வேணும் சார்? அப்பா காலமா, தாத்தா காலமா?” என்று கேட்பார். “தாத்தான்னா சாயங்காலம் ஆயிடும்.”

அந்த டின்னைக் காட்டி, “ஞாபகம் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டோம். இருந்ததாம். ஓர் அம்மாள் தொலைபேசியில் அழுதார். மூடி பச்சை நிறம் என்றார். எங்கள் மூடி சிவப்பு, உடனே பச்சையாக்கினோம். இன்னொருவர், மாவு தீர்ந்ததும் வீட்டில் அதில் பொத்தான் போட்டுவைப்பார்கள் என்றார். அடுத்த விளம்பரத்தில் பொத்தான்கள் வந்தன. நாங்கள் பொய் சொல்லவில்லை ஐயா. அவர்கள் சொன்னார்கள், நாங்கள் அச்சடித்தோம்.

பிறகு முதலாளி, “உண்மையான மனுஷன் ஒருத்தன் தன் கதையைச் சொல்லணும்” என்றார். ஊரில் உண்மையான மனிதர்களுக்குப் பஞ்சம், நானே நின்றேன். பள்ளிவிட்டு வருகிறேன், அம்மா பச்சை மூடியைத் திறக்கிறாள், பாலில் மாவைக் கலந்து ஆற்றித் தருகிறாள். படம் பிடித்தவர் மூக்கை உறிஞ்சினார். முதலாளி கைக்குட்டையை எடுத்தார்.

அக்கா மட்டும் அழவில்லை. தொலைபேசியில் அழைத்தாள்.

“ஏன்டா, அம்மா எப்படா உனக்குப் பால் ஆத்திக் குடுத்தா? அவ போய்ச் சேர்ந்தப்போ நீ நடக்கவே ஆரம்பிக்கல. வெந்நீர்ல சர்க்கரையைப் போட்டு உன்னை ஏமாத்தி வளர்த்தது நான். பாலைப் பார்த்தாலே வாந்தி எடுப்ப.”

“விளம்பரம்தானே அக்கா.”

“விளம்பரத்துக்கு வேற அம்மாவைப் பிடி. யாராச்சும் என்கிட்ட கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன்.”

கேட்கத்தான் போகிறார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் எங்கள் குடும்பத்தைப் பேட்டி எடுக்க நாள் குறித்திருந்தார்கள். அக்கா வாயைத் திறந்தால் டின் கவிழும், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வீட்டில் அத்தனை அடுப்புகளும் அணையும். அவர்களை நினைத்துத்தான் செய்தேன். என்னைப் பற்றி நினைக்கவே இல்லை.

அக்கா தனியாக இருந்தாள், மகள் வெளிநாட்டில். வீட்டின் இன்னொரு சாவி என்னிடம் இருந்தது. அவள் கடைக்குப் போன நேரத்தில், துருக்காரர் செய்த டின்னைப் பரணில் வைத்தேன். தையல் பெட்டியிலிருந்து ஒரு பிடி பொத்தானை எடுத்து உள்ளே போட்டேன். மறுநாள் அவள் எதிரிலேயே பரணில் ஏறி, தற்செயலாகக் கண்டெடுத்தேன்.

டின்னைக் கையில் வாங்கியதும் அவள் முகம் ஒரு கணம் இளகியது. அப்போதே ஜெயித்திருப்பேன். ஆனால் மூடியைத் திறந்துவிட்டாள்.

“இந்த நீலப் பொத்தான் என் பேத்தி சட்டைக்கு வாங்கினது” என்றாள். “இன்னும் தைக்கவே இல்ல. இது எப்படிடா அம்மா டின்னுக்குள்ள போச்சு?”

பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பார்கள். அவசரத்தில் நான் கோட்டைவிட்டது அந்த ஒரு பொத்தானில்தான்.

அதன்பின் அவள் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நான் கிளம்பினால் அலமாரியைத் திறந்து பார்ப்பாள். பூட்டை மாற்றப் போகிறேன் என்றாள். உடன்பிறந்தவனையே சந்தேகிப்பது ஆரோக்கியமான மனநிலை இல்லை அல்லவா? மருத்துவரிடம் அதைத்தான் சொன்னேன். அவள் மூக்குக்கண்ணாடி சர்க்கரை டப்பாவிலும் சாவி குளிர்பெட்டியிலும் கிடைத்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்களும் சொன்னார்கள். வைத்தது யார் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை.

மருத்துவர் இரவுக்கு அரை மாத்திரை எழுதினார். அக்கா விழுங்க மறுத்தாள். ஆகவே சமாதானத்துக்கு வந்தவனைப்போல் தினமும் போய், பொடித்த மாத்திரையைச் சத்துமாவில் கலந்து, பாலை நானே ஆற்றிக் கொடுத்தேன். தம்பி கையால் என்றதும் குடித்துவிட்டாள். அரை என்பது மருத்துவரின் அபிப்பிராயம். எனக்குப் பேட்டி நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

பேட்டியில் அவளுக்கு அன்றைய கிழமை தெரியவில்லை. டின்னைக் கையில் கொடுத்ததும், “அம்மா டின்” என்றாள். நான் தினமும் சொல்லிக் கொடுத்த சொல்தான். முதலாளி என் தோளைத் தட்டினார்.

“இதுக்கு மேல ஒரு விளம்பரம் கிடையாதுப்பா. எல்லாம் மறந்தாலும் இது மறக்காதுன்னு போடு.”

போட்டோம். கடைகளில் டின் தட்டுப்பாடு வந்தது. அதை வெளிநாட்டிலிருந்து பார்த்த அக்கா மகள் என்னை அழைத்தாள். “மாமா, எங்கம்மா தெருவுல இருக்கிற அத்தனை பேர் பிறந்த நாளும் சொல்லுவாங்களே. அவங்களுக்கு என்ன குடுத்தீங்க?” என்றாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, பாருங்கள். விமானம் ஏறி வந்து, சமையலறை டின்னை உங்களிடம் கொண்டுவந்தாள். உங்கள் பரிசோதனைக் கூடம் சொல்வது சரி. கலந்தது நான்தான். இனிமேல் தெளியாது என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்களாம். அதுவும் என் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறுக்கிறேன். நேற்று என்னை அவள் எதிரில் நிறுத்தினீர்களே, அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. யாரோ என்று நினைத்து, “என் தம்பிக்குப் பால் ஆகாதுங்க, குடுத்துடாதீங்க” என்று என்னிடமே சொன்னாள். உங்கள் காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதை உண்மை என்று நம்பிவிட்டார் போலிருக்கிறது. பாவம் அக்கா, நோய் அவ்வளவு முற்றிவிட்டது.

அம்மா அந்தப் பச்சை மூடியைத் திறந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரே மூச்சில் குடித்துவிட்டு மேலுதட்டைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. குடிக்காமல் ருசி வருமா, நீங்களே சொல்லுங்கள்.