கார் பாக்க வருகினம்

சூசைதாசன்: ...அண்ணை, கறண்டிலை எண்ணெய் இறைக்கிற உந்தப் பம்மை உங்கடை தலையிலை கட்டினது ஆர்?

கனகலிங்கம்: உடைஞ்ச ஜப்பான் வான் ஒண்டிலை கழட்டினது. என்ரை ஒஸ்ரின் காருக்குப் பூட்டு. பழைய பம்மின்ரை ரப்பர் கிழிஞ்சு போச்சு, சண்டைத் தடையாலை புதுசும் பெற்றோலும் கொழும்பிலையிருந்து வராது.

சூசைதாசன்: பூட்டலாம். ஆனால் இது தள்ளுற தள்ளுக்கு உங்கடை கிழட்டுக் காபரேற்றர் நிரம்பி வழியும். எஞ்சின் புரைக்கேறின மாதிரி இருமும்.

கனகலிங்கம்: அமுக்கத்தைக் குறைக்கேலாதே?

சூசைதாசன்: குழாயிலை ஒரு கிளை வைச்சு, கூடினதைத் திருப்பி எண்ணெய்த் தாங்கிக்கே விடலாம். திருகாணியைத் திருப்பித் திருப்பி அளவு பிடிக்கவேணும்... என்ன உவ்வளவு அந்தரம், அவசரம்?

கனகலிங்கம்: கோயிலுக்கு... போகவேணும்.

சூசைதாசன்: கோயிலுக்குப் போறதுக்கே சீற்றெல்லாம் புதுசாத் தைச்சனீங்கள்?

கனகலிங்கம்: ...சரி, கேள். மூத்தவளுக்குப் பண்டத்தரிப்பிலை கலியாணம் பேசியிருக்கு. பெடியன்ரை தகப்பன் தம்பிராசா. சீதனத்துக்கு வீடும் காணியும் காணாதாம், ஓடுற காரும் வேணுமாம். நாளைக்குப் பாக்க வருகினம். கார் நிண்டால் கலியாணமும் நிண்டுபோம்.

சூசைதாசன்: பொம்பிளையைப் பாக்கேல்லையோ?

கனகலிங்கம்: அது படத்திலை பாத்தது காணுமாம். காரைத்தான் நேரிலை பாக்கவேணுமாம்.

சூசைதாசன்: நல்ல சம்பந்தம்... இந்தா, நாலு துளி பெற்றோல் விட்டிருக்கிறன், ஸ்ராட் பண்ணுங்கோ. ம்... இப்ப பம்மைப் போடுங்கோ, மண்ணெண்ணெய் வரட்டும்... வழியுது, நிப்பாட்டுங்கோ... பொறுங்கோ, திருகாணியைத் திருப்புறன்... இப்ப?

கனகலிங்கம்: வழியேல்லை. இருமவும் இல்லை. சூசை, எவ்வளவு நாளைக்கு ஓடும்?

சூசைதாசன்: கலியாண எழுத்து, தாலிகட்டு முடியுமட்டும் ஓடும். பிறகு மருமோன்ரை பாடு.

கனகலிங்கம்: அது காணும்.

சூசைதாசன்: காணாது அண்ணை. எஞ்சின் எண்ணெய் குடிக்குது, கியர்ப்பெட்டி முனகுது. நாளைக்குத் தம்பிராசா கார் தெரிஞ்ச ஒராளையும் கூட்டிக்கொண்டெல்லே வாறார்.

கனகலிங்கம்: வரட்டன்.

சூசைதாசன்: அந்த ஆள்... நான்தான். முந்தநாளே வந்து, ஒண்டும் விடாமல் துருவிப் பார் எண்டு சொல்லிப்போட்டுப் போனவர்.

கனகலிங்கம்: தெரியும். பின்னை, வேறை மெக்கானிக் இல்லையெண்டே உன்னட்டை வந்தனான்? நாளைக்கு என்ன குறையெண்டாலும் தாராளமாச் சொல்லு. உந்தப் பம்மை முதல்நாள் பூட்டி ஓடவிட்டது ஆரெண்டு தம்பிராசா என்னட்டைக் கேட்பார்... எனக்கும் பொய் சொல்லிப் பழக்கமில்லை.