ஒரு தீற்று மஞ்சள் பெயின்ட்

உங்கள் சட்டையில் மூன்றாவது பொத்தானை மட்டும் வேறு நிற நூலில் தைத்திருக்கிறது. நீங்களே தைத்ததாகத்தான் இருக்கும். வீட்டில் பேச்சுவார்த்தை நின்று பத்து நாளாவது ஆகியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணில் பட்டதைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. எங்கள் குடியிருப்பில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், இவள் வாயில் எதுவும் தங்காது என்று. அதனால்தான் நீங்கள் கூப்பிடாமலே ஸ்டேஷனுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்து அறையில் நீங்கள் வைத்திருக்கும் ஃபிட்டரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்த மனிதர் ஒன்றும் செய்யவில்லை.

லாரிப் பணிமனையில் வாசலை ஒட்டிய மேஜை எனக்கு. பதினாறு வருடமாக அதே நாற்காலி. வண்டி வந்தால் வேலைச் சீட்டு எழுதுவேன், வேலை முடிந்ததும் பார்த்துச் சரி சொல்வேன், உரிமையாளர்களுக்குப் போன் போடுவேன். போன மாதம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. கனரக லாரிகளில் பின் அச்சை வண்டியின் அடிச்சட்டத்தோடு இழுத்துப் பிடித்திருக்கும் தண்டு ஒன்று உண்டு. டார்க் ராடு என்போம். குறிப்பிட்ட சில மாதங்களில் செய்த தண்டுகளில் விரிசல் விழுகிறதாம். முழுப் பாரத்தோடு இறக்கத்தில் திரும்பும்போது தண்டு முறிந்தால் அச்சு ஒரு பக்கமாக நழுவிவிடும். அதனால் அந்த வண்டிகளை எல்லாம் திரும்ப வரவழைத்து இலவசமாக மாற்றிக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். மாற்றும்வரை பாதிப் பாரம்தான் ஏற்றலாம். மாற்றிய தண்டின் மேல் மஞ்சள் பெயின்ட் ஒரு தீற்று. அதைப் பூசவேண்டியது ஃபிட்டர் இல்லை, சரிபார்க்கும் ஆள். அதாவது நான்.

எங்கள் பட்டியலில் அறுபத்து மூன்று வண்டிகள். அறுபத்து மூன்று பேரிடமும் நான்தான் பேசினேன். தண்டைப் பற்றி இரண்டு நிமிடம், மற்றதைப் பற்றிப் பத்து நிமிடம். யார் மகள் படிப்பை நிறுத்திவிட்டாள், யார் மச்சான் வீட்டை விட்டுப் போனான், எல்லாம் இப்போது எனக்கு அத்துப்படி. எல்லோரும் சொன்ன தேதியில் வந்தார்கள். மேனேஜர்கூடப் பாராட்டினார். அவர் பாராட்டுவது அபூர்வம், பல்வலி வேறு அவருக்கு.

அந்த வெள்ளிக்கிழமை ஸ்டோரில் ஒரே ஒரு தண்டு மிச்சம் இருந்தது. அடுத்த பெட்டி வர மூன்று வாரம் ஆகும். பட்டியலில் அடுத்த வண்டி விசில் ஓட்டுவது. அதற்கு அடுத்தது என் தம்பி ஓட்டுவது. இரண்டு பேரும் ஒரே கல்குவாரிக்குத்தான் ஓட்டினார்கள். திங்கட்கிழமை முதல் மஞ்சள் இல்லாத வண்டியை உள்ளேயே விடமாட்டோம் என்று குவாரி வாசலில் எழுதி ஒட்டிவிட்டார்கள்.

விசில் என்பது நாங்கள் வைத்த பெயர். எனக்கு இரண்டு மாடி மேலே குடியிருந்தார். படி ஏறும்போது சீட்டியடிப்பார், எப்போதும் பாதிப் பாட்டுதான். வாசலுக்குப் போய்ச் சேர்ந்ததும் நிறுத்திவிடுவார். மீதிப் பாட்டு என்னவென்று மண்டை காய்வது நமக்குத்தான். முட்டை ஏற்றிக்கொண்டு போகிறவர் மாதிரி வண்டி ஓட்டுவார். ஒருமுறை படிக்கட்டில் நாலு பேர் நடுவில் என்னைப் பார்த்து, “அக்காகிட்ட சொன்னா போதும், பேப்பர்ல போட வேண்டியதில்ல” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவள் இல்லை. பதினொரு மாதம் ஆகிறது. அன்று நீலச் சட்டை போட்டிருந்தார்.

தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் குடியை விட்டு எட்டு மாதம். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இன்னொரு முறை ஆரம்பித்தால் ஈரல் தாங்காது, ஆளைச் சும்மா உட்காரவிடாதீர்கள் என்றார். அதற்கு முன் இரண்டு முறை விட்டிருக்கிறான். இரண்டு முறையும் வேலையில்லாத வாரத்தில்தான் மறுபடி தொட்டான். முந்தின நாள், வியாழக்கிழமை சாயங்காலம், தன் வண்டிக்குத் தண்டு வர மூன்று வாரம் ஆகும் என்று கேள்விப்பட்டு என் சமையலறை வாசலில் வந்து நின்றான். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். மறுபடி கேட்டான். நாலாவது டம்ளர் அவன் பல்லில் இடித்துச் சத்தம் போட்டது.

“மூணு வாரம் வீட்டுல இருந்தா நான் என்ன ஆவேன்னு உனக்குத் தெரியும்க்கா.”

தெரியும். அவனைத் தூக்கி வளர்த்தவள் நான். அவன் வாந்தியைத் துடைத்தவளும் நான்தான்.

எங்கள் ஃபிட்டருக்கு ஒரு பழக்கம். காலையில் வந்ததும் அன்றைய சீட்டுகள் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவார். வேலைக்குப் பிறகு போட்டால் கிரீஸ் கை தாளில் விரல் விரலாகப் பதியும். சுத்தமான மனிதர். அந்தச் சுத்தம்தான் அவரை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. விசிலின் சீட்டில் எட்டரை மணிக்கே கையெழுத்து விழுந்துவிட்டது. மதியம் அவரிடம் போய், தண்டைத் தம்பி வண்டிக்குப் போடுங்கள், விசிலுக்கு நாளைக்கு வரும் என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. என்னிடம் ஏன் என்று கேட்டால் பதில் முக்கால் மணி நேரம் போகும் என்று அவருக்குத் தெரியும். தம்பி வண்டிக்கு நான் சீட்டே எழுதவில்லை.

ஃபிட்டர் மூன்றரைக்குக் கிளம்பினார். நான் ஒரு துணியை டீசலில் நனைத்து எடுத்துக்கொண்டு விசிலின் வண்டிக்கு அடியில் போனேன். இந்த முழங்காலோடு. பழைய தண்டைத் துடைத்தேன், மஞ்சள் பூசினேன். மாற்றியதற்குச் சாட்சியாகக் கம்பெனிக்கு அனுப்ப, தம்பி வண்டியின் புதுத் தண்டுக்கும் மஞ்சள் பூசி, அதையே படம் எடுத்துவைத்திருந்தேன். வேலை என்று பார்த்தால் பத்து நிமிடம்தான்.

நாலு மணிக்கு விசில் வந்தார். மற்றவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இவர் குனிந்து அடியில் எட்டிப் பார்த்தார்.

“பெயின்ட் இன்னும் காயலையேக்கா.”

“இப்பதான் முடிஞ்சுது. தொட்டுடாதீங்க.”

தொடவில்லை. சொன்ன பேச்சைக் கேட்கிறவர். சீட்டியடித்துக்கொண்டே போனார்.

அந்தத் தண்டு மூன்று வாரம் தாங்கும் என்றுதான் கணக்குப் போட்டேன். எங்களிடம் வந்த பழைய தண்டுகளில் விரிசல் விட்டவை நாலோ ஐந்தோதான். அடுத்த பெட்டி வந்ததும் ஏதாவது சாக்குச் சொல்லி வரவழைத்து மாற்றியிருப்பேன். அவரும் பாதிப் பாரத்தோடே ஓட்டியிருக்கலாம். முழுப் பாரம் ஏற்றுங்கள் என்று நான் சொல்லவில்லை. மஞ்சளைப் பார்த்துத்தான் ஏற்றினார் என்று அவர் முதலாளி உங்களிடம் சொல்லியிருக்கிறார். அது அவர்கள் இரண்டு பேருக்குள் நடந்த விஷயம்.

பதினோராவது நாள். குவாரியிலிருந்து இறங்கும் வழியில் இரண்டாவது வளைவு. தம்பியின் வண்டி நேர் பின்னால் வந்துகொண்டிருந்தது. முன்னால் போன வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியாக வேறு வழியில் போவதுபோல் இருந்தது என்றான். முதலில் இறங்கி ஓடியது அவன்தான். கல்லை வெறுங்கையால் அள்ளியிருக்கிறான். கைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கட்டுப் போட்டிருக்கிறது. விசிலை வெளியே எடுத்தபோது மூச்சு இல்லை.

முறிந்த தண்டையும் அவன் பார்த்துவிட்டான். டீசல் துணியால் துடைத்த இரும்பில் பெயின்ட் பிடிக்காது என்பதை நான் யோசிக்கவில்லை. நகத்தால் தொட்டதும் மஞ்சள் ஏடு மாதிரி கழன்று வந்திருக்கிறது. அன்றைக்கு வந்து அதே சமையலறை வாசலில் நின்றான். தண்ணீர் கேட்கவில்லை.

“என் வண்டிக்குத் தண்டு எங்கேர்ந்துக்கா வந்துச்சு?”

நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்து முடித்தேன். 

அப்புறம் நீங்கள் ஃபிட்டரைப் பிடித்தீர்கள். வேறு வண்டிக்குப் போடச் சொன்னார்கள் என்று அவர் சொன்னது உண்மை. நீங்கள் பணிமனைக்கு வந்து கேட்டபோது, அப்படி யாரும் சொல்லவில்லையே என்றேன். அதையும் இதோடு எழுதிக்கொள்ளுங்கள். நேற்றுத் தம்பி வந்தான். “நீயே போய்ச் சொல்லிடு. இல்லேன்னா பெயின்ட் பூசினது நான்தான்னு சொல்லிடுவேன்” என்றான். செய்வான். சின்ன வயதிலிருந்தே அடுத்தவர் அடியைத் தான் வாங்கிக்கொள்கிறவன். அதனால் வந்திருக்கிறேன். அவன் இன்று காலைவரை குடிக்கவில்லை. வரும் வழியில் அவன் வீட்டுக்குப் போய், வாய்க்குக் கிட்டே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஆக, செய்தது வீண் போகவில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. அந்தப் பதினொரு நாளில் விசிலிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். படிக்கட்டில் ஆறு முறை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கூட யாராவது இருந்தார்கள். நாலு பேர் நடுவில் வைத்துச் சொல்கிற விஷயமா இது? அவரிடம் இல்லாவிட்டால் அவர் மனைவியிடமாவது சொல்லிவிடுவோம் என்று, கடைசி நாள் காலையில் நானே அவளுக்குப் போன் போட்டேன். அவர் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கிறார் என்றாள். பின்னால் சீட்டிச் சத்தம் கேட்டது. மேல்வீட்டுக்காரி ஜன்னலுக்குப் புதுத் திரைச்சீலை போட்டிருந்தாளே, ஆஸ்பத்திரியில் போடுகிற பச்சை, அதைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்புறம் அவள் நாத்தனாரைப் பற்றி. சீட்டி படியில் இறங்கிப் போனதும் கேட்டது. சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்குகிறது என்று வைத்துவிட்டாள். மொத்தமே இருபது நிமிடம்தான் பேசியிருப்போம். அதற்குள் எங்கே சொல்ல முடியும்?