சொல் எடுத்துக் கொடுத்தவள்

இந்த நாற்காலியே போதும், ஐயா. உட்கார்ந்தே காலம் தள்ளியவள் நான். எனக்கு எதுவும் ஒத்துவரும்.

தங்கைக்கு முகம், எனக்குப் புத்தகம். எங்கள் வீடியோக்கள் அப்படித்தான் ஓடின. ஒரு சொல் எங்கே பிறந்து எப்படி நம்மிடம் வந்து சேர்ந்தது என்று அகராதிகளைத் துருவி நான் எழுதுவேன். ஈரத் தலையும் தோளில் நிற்காத சட்டையுமாக அவள் காமிராப் பக்கம் சாய்ந்து சொல்வாள். "ஜன்னல்னு சொல்றோமே, அது போர்த்துகீசியர் கொண்டுவந்த சொல், தெரியுமா?" என்று அவள் கிசுகிசுத்ததை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள்.

"இன்னொரு பட்டன் கழட்டட்டுமா, அக்கா?"

"போதும்டி. சொல் காதுல விழ வேணாமா?"

"பாக்கறவங்க வாயே திறந்து கிடக்கு, காது திறக்காதா?"

பார்ப்பவர்கள் எழுதுவதை அவள் படிக்க மாட்டாள். அது என் பாடு. அசிங்கங்களை அழிப்பேன், மற்றவர்களுக்கு அவள் பெயரில் பதில் போடுவேன். ஒருவன் மட்டும் ஓயவில்லை. வீடு எங்கே, தனியாகத்தான் இருப்பாயா, கையில் கிடைத்தால் உயிரோடு விடமாட்டேன் என்று எழுதுவான். நானும் சளைக்காமல் அழித்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் தலை துவட்டிக்கொண்டே சொன்னாள்.

"அக்கா, இனிமே இந்தச் சொல்லெல்லாம் வேணாம். சும்மா உக்காந்து பேசினாலே பாக்கறாங்க. நீயும் கொஞ்சம் ஓய்வெடு."

"சரிம்மா."

"கோவமா?"

"கோவம் எதுக்கு? சீப்பைக் கொடு, சிக்கெடுத்து விடறேன்."

அன்றைக்கே அவனுக்குப் பதில் போட்டேன். தெரு, எத்தனையாவது மாடி, பின்கதவின் தாழ்ப்பாள் சரியாக விழாது என்பது, அக்கா நூலகத்துக்குப் போகும் கிழமை. எல்லாம் அவள் பெயரில், ஒரு பிழை இல்லாமல். என்ன எண்ணத்தோடு வருவான் என்று தெரியாதா என்கிறீர்கள். தெரியும். அவன் எதையும் ஒளித்ததில்லை.

நான் நூலகத்தில் இருந்தபோது அவள் போனில் கூப்பிட்டாள். விடாமல் கூப்பிட்டாள். உள்ளே பேசக் கூடாது என்பது விதி. எடுக்கவில்லை.

கொன்றது அவன் கை. அனுப்பி வைத்தது நான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு உதவி, ஐயா. என் கணினியைத் திருப்பிக் கொடுத்தால் இந்த வாரத்து வீடியோவை நானே பேசிப் போட்டுவிடுவேன். முகம் வேண்டியதில்லை, குரல் போதும். சொல்லுக்காக அத்தனை பேர் காத்திருக்கிறார்கள். பாவம், தவித்துப் போவார்கள்.