சந்தனம் வைத்த பிளாப்பி

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. நானெல்லாம் எழுதுவதா என்று கூச்சமாகவும் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜை முடிந்த வாரம், பவானியிலிருந்து கோயம்புத்தூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மாளின் மடியில் துண்டு சுற்றிய மடிக்கணினி.

"ஏனுங்க, பிளாப்பிக்குப் போயி யாராச்சும் சந்தனம் வெப்பாங்களா?" என்றார் அந்த அம்மாள்.

"தொழில் சாமானுக்கெல்லாந்தான் வெச்சேன். கத்திரிக்கோலு கெட்டாபோச்சு?"

"கத்திரிக்கோலைக் கம்ப்யூட்டர் படிக்கோணுமாங்க? பிளாப்பிய ஒவ்வொண்ணா மாத்தி விண்டோஸை மறுக்கா போடப் பாத்தா அஞ்சாவது பிளாப்பியில வந்து நின்னுபோகுது. உள்ள பூராச் சந்தனம்."

"ஆர்.எஸ்.புரத்துக் கம்ப்யூட்டர் கடைக்காரரு சிடி தாரேன்னாரே, அம்மணி."

"இதுல சிடி போட எடமே இல்லீங்க. பிளாப்பி மட்டுந்தான் போகும். அந்த அஞ்சாவதை மட்டும் அவருகிட்டப் புதுசா எழுதி வாங்கிக்கலாம்."

"உட்டுப்போடு. அந்தக் கல்யாணப் பத்திரிகைய வேற யாராச்சும் செஞ்சு குடுக்கட்டும்."

"நமக்கு வந்த மொத வேலைங்க. நாளைக்குத் தாரேன்னு சொல்லிப்போட்டேன். விடிய விடிய ஒக்காந்தாலும் சரி, போட்டே தீருவேன்."

கணவர் மடிக்கணினியில் நழுவிய துண்டைச் சரிசெய்தார். "பத்திரிகை இருக்கற பிளாப்பி பத்திரமா?"

"அது பூஜைக்கு அப்புறம் வந்ததுங்க. உங்க கைக்கு எட்டாம பீரோவுல வெச்சுப் பூட்டிப்போட்டேன்."

மறுநாள் அதே பேருந்தில் இருவரும் வந்தார்கள். மடிக்கணினி இல்லை. அச்சகத்துக்குக் கொண்டுபோகும் பத்திரிகைத் தாள் அந்த அம்மாளின் கையில் இருந்தது. அதன் ஒரு மூலையில் மஞ்சள் தடவியிருந்தது.