மன்னிக்கிற மட்டை

டிரைவர் என்றதும் வண்டி ஓட்டுகிறவரை நினைத்துவிடாதீர்கள், ஐயா. கோல்ஃபில் முதல் அடிக்கு எடுக்கிற நீள மட்டைக்கும் அதுதான் பெயர். மைதானத்தை ஒட்டிய பட்டறையில் அவற்றைச் சரிசெய்து கொடுப்பது என் பிழைப்பு.

அதன் தலை உள்ளே வெறும் கூடு. தலை பெரிதாகவும் கனம் பின்பக்கமாகவும் இருந்தால், பந்து ஓரத்தில் பட்டாலும் தலை அவ்வளவாகத் திரும்பாது. பந்து ஏறக்குறைய நேராகவே போகும். அதை ‘மன்னிக்கிற மட்டை’ என்போம். கனத்தை முன்னால் கொண்டுவந்தால், நடுவில் பட்ட பந்து தூரம் போகும். ஓரத்தில் பட்டது தறிகெட்டு ஓடும்.

என் தம்பி நல்ல ஆட்டக்காரன். யாராவது பார்த்தால் மட்டும் பதறிப்போய் மட்டையின் நுனியில் அடிப்பான். அதனால் பின்கனம் உள்ளதாக நானே பார்த்துக் கொடுத்திருந்தேன்.

ஒரு மாலை தம்பி மட்டையோடு பட்டறையில் இருந்தபோது என் மனைவி வந்தாள். நான் அலமாரிக்குப் பின்னால் பசை கலந்துகொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியாது.

“இது என்ன தம்பி, பூசணிக்கா மாதிரி?”

“மன்னிக்கிற மட்டை அண்ணி. பின்னாடி கனமா ஒரு திருகு இருக்கு, தப்பா அடிச்சாலும் பொறுத்துக்கும்.”

“அப்போ உங்கண்ணன் தலையிலயும் பின்னாடி ஒரு திருகு போட்டு விடுங்க. டம்ளர் கைதவறி உடைஞ்சதுக்கு இன்னும் என்கூடப் பேசல மனுஷன்.”

“அங்க எங்க அண்ணி போடறது? உள்ள பூரா கல்லு.”

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

எனக்குக் கோபம் வரவில்லை. என்னைப் பற்றித் தவறான எண்ணம் ஒன்று வீட்டில் வேர்பிடிக்கிறதே என்ற கவலைதான்.

மறுநாள் தம்பியின் மட்டையை வாங்கி, பின்னாலிருந்த கனத்த திருகை முன்துளைக்கு மாற்றினேன். பின்துளைக்கு அதே நிறத்தில் லேசான மூடி போட்டேன். அதைப் போட்டது யார் என்று கேட்டீர்கள். நான்தான்.

“தூரம் கூடும்டா” என்று கொடுத்தேன். சந்தோஷமாக வாங்கிக்கொண்டான்.

பிறகு, ஆட்டம் பார்ப்பவர்கள் உட்கார மைதானத்தில் வெயிலில் கிடந்த பெஞ்சை, அவன் அடிக்கும் இடத்துக்கு வலப்பக்க மரநிழலுக்கு நகர்த்தினேன். நுனியில் பட்ட பந்து அந்தப் பக்கம்தான் பாயும்.

“அவன் ஆட்டத்தைப் போய்ப் பாரேன். கூச்சம் தெளியட்டும்” என்றேன் மனைவியிடம். டம்ளருக்குப் பிறகு நான் பேசிய முதல் பேச்சு அது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. நல்ல உடையாக மாற்றிக்கொண்டு போனாள். அதன் பின் தினமும் போனாள்.

சில நாள் பந்து மரத்தில் பட்டது, சில நாள் புல்லில். நான் அவசரப்படவில்லை. ஒரு காலை அவள் நெற்றிப்பொட்டில் பட்டது.

அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது தம்பி என் காலைக் கட்டிக்கொண்டான். “என்னை மன்னிச்சிடுண்ணா, என் கைதான் தப்பு பண்ணிடுச்சு” என்று கதறினான். அன்றிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. வலது கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நான் அவனைத் தூக்கி நிறுத்தி, மன்னித்துவிட்டேன் என்று சொந்தபந்தம் அத்தனை பேரும் கேட்கும்படி சொன்னேன். என் மனசு எப்படிப்பட்டது என்று அன்று எல்லோருக்கும் தெரிந்தது. அதைப் பார்க்க அவள் இல்லாமல் போனாளே என்பதுதான், ஐயா, எனக்கு ஒரே குறை.