மூன்று தரம் கூப்பிட்டேன்

அன்று விசாரணை அறையில் இருந்தவர்கள்: அதிகாரி, எண்ணெய் மில் வக்கீல், மில் மேனேஜர், சுருக்கெழுத்து ஐரீன், வாசலில் டவாலி போட்ட வேதமாணிக்கம், அதாவது நான். மின்விசிறி ஓடவில்லை. சாட்சி ரசூல் பீவி ஆஜராகவில்லை என்று ஃபைலில் இருக்கிறது.

ராயபுரத்துப் பாய்லர் இன்ஸ்பெக்டர் ஆபீசில் பத்தொன்பது வருஷம் பெயர் கூப்பிட்டவன் நான். சாட்சியைக் காணோமென்றால் வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல், வரவில்லை என்று எழுதக் கூடாது. வந்தவர் பேச்சைக் கேட்காமல் முடிக்கவும் கூடாது. நல்ல விதி. நான் மீறியதில்லை.

ரசூல் பீவியின் புருஷன் திருவொற்றியூர் மில்லில் பாய்லர்காரர். ஆவியில் வெந்து செத்தார். மிஞ்சிய ஆவி போகும் வால்வைத் திறக்காதபடி கம்பியால் கட்டியிருந்தார்கள் என்று சாகும்முன் அவளிடம் சொல்லியிருந்தார். அவள் மனுவில் அது இருந்தது. மனு என் கை வழியாகத்தான் மேஜைக்குப் போனது. ஆனால் நேரில் வந்து சொன்னால்தான் சாட்சி. சொன்னால் பாய்லருக்குச் சீல். முந்நூறு பேருக்கு வேலை இல்லை. அதில் என் மருமகன் அருள்பிரகாசம் ஒருவன். மகளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

மூன்று தரம் கூப்பிட்டேன். தெருவில் போனவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நல்லா கூப்பிட்டியாய்யா?" என்றார் அதிகாரி.

"தொண்டை வறண்டு போச்சு சார்."

"அந்தம்மாவுக்கே அக்கறை இல்லீங்க" என்றார் வக்கீல்.

அதிகாரி இன்னும் கால்மணி காத்திருந்தார். நேர்மையான மனிதர். பிறகு கையெழுத்திட்டார். மறுநாளே பாய்லரை மறுபடி மூட்டினார்கள்.

தேதி தள்ளிப்போய்விட்டது, நோட்டீஸ் வரும் என்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன். நம்பிக் காத்திருந்தாள்.

நாற்பதாம் நாள் வெடித்தது. ஒன்பது பேர். அப்பன் வேலையில் சேர்ந்திருந்த அவள் மகன் கமாலும் போனான். என் மருமகனுக்கு ஒன்றுமில்லை. விசாரணை முடிந்த அன்றே மேனேஜரிடம் சொல்லி அவனைக் கோடவுனுக்கு மாற்றியிருந்தேன்.

விதியில் மூன்று தரம் என்றுதான் இருக்கிறது ஐயா. யார் காதில் விழ வேண்டும் என்று இல்லை.

விசாரணை அன்று அவள் வந்தாள். ஒன்பதரைக்கே, தண்டையார்பேட்டையிலிருந்து நடந்து. பின்கட்டில் பழைய ஃபைல் அறையைக் காட்டினேன். ஜன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் யார்டில் கூட்ஸ் பெட்டிகள் ஓயாமல் மோதிக்கொண்டிருக்கும்.

"பொம்பளைங்க இங்கதான் குந்தணும்."

"என் பேரைக் கூப்ட்டா வந்து சொல்லுவியா நைனா?"

"கூப்புடறதே நான்தாம்மா."

"அப்ப பேஜாரே இல்ல" என்று சிரித்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்திப் பூட்டினேன்.